பதினாறாம் பக்கத்தில் ஒரு சண்டை

தமிழில் அச்சு எப்படி வந்தது என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் பெயர் சொல்லுவார்கள். முதலில் என்றீக்கே என்றீக்கஸ், அதாவது அண்டிரிக்கு அடிகளார். பிறகு சீகன்பால்கு, வீரமாமுனிவர், ஃபப்ரிசியஸ். எல்லோரும் நூல் எழுதியவர்கள், மொழிபெயர்த்தவர்கள், அகராதி தொகுத்தவர்கள். சரிதான். ஆனால் ஒரு சின்னக் கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்தப் புத்தகங்களில் இருக்கும் 'அ' என்ற எழுத்தை இரும்பில் வெட்டினது யாரு? எழுதினவருக்குப் பெயர் இருக்கிறது, வெட்டினவருக்கு அடிக்குறிப்பு இருக்கிறது. பல சமயம் அதுவும் இல்லை.

நான் இருப்பது கொல்லிமலையில். இந்த ஊர்க்காரனுக்கு இந்தக் கேள்வி வருவது இயல்புதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கப் பாட்டுகளில் இந்த மலையின் பெயர் வருகிற இடங்களில் பாதி, கொல்லிப்பாவையைப் பற்றியவை. நற்றிணையில் இருக்கிறாள், குறுந்தொகையில் இருக்கிறாள். பார்த்தவரை மயக்கிக் கொல்லும் பாவை. அவளைச் செய்தது யார் என்று கேட்டால் தெய்வம் என்பார்கள், பூதம் என்பார்கள். உளி பிடித்த ஆள் ஒருவன் இருந்திருப்பானே என்று எந்தப் புலவரும் கேட்கவில்லை. இன்னொரு விஷயம்: அந்தப் பாட்டுகளில் பாவையைச் செய்ததைச் சொல்ல 'எழுதிய' என்ற சொல்லும் வருகிறது. வரைந்தாலும் எழுதுதல், செதுக்கினாலும் எழுதுதல், ஓலையில் கீறினாலும் எழுதுதல். பழந்தமிழுக்கு இது மூன்றும் ஒரே வேலை. பின்னாட்களில்தான் 'எழுத்தாளர்' தனியாகவும் 'எழுத்து வெட்டுபவர்' தனியாகவும் பிரிந்து, பின்னவர் காணாமல் போனார்.

ஆகவே இந்தக் கட்டுரை வெட்டியவர்களைப் பற்றி. அவர்களுடைய வாழ்க்கை என்று நமக்குக் கிடைப்பது சில வரிகள்தான். ஆனால் அவர்கள் செய்த எழுத்து கண் முன்னால் இருக்கிறது. கவிதையை விமர்சிக்கிற மாதிரி, அந்த எழுத்தை எடுத்து வைத்து விமர்சித்துப் பார்க்கலாமே என்பதுதான் என் எண்ணம்.

அச்சு இயந்திரம் இந்தியாவுக்கு வந்த கதையே ஒரு தற்செயல். 1556இல் அது கோவாவில் வந்து இறங்கியது. உண்மையில் அது அபிசீனியாவுக்கு, இன்றைய எத்தியோப்பியாவுக்கு, போக வேண்டியது. அங்கே போக முடியாமல் கோவாவிலேயே தங்கிவிட்டது. அதோடு வந்தவர் ஜுவான் தெ புஸ்தமந்தே என்ற ஸ்பெயின்காரர், சேசு சபைச் சகோதரர். கோவாவின் புனித பவுல் கல்லூரியில் அந்த வருஷமே அச்சு வேலை தொடங்கிவிட்டது. அவர்கள் அடித்ததெல்லாம் லத்தீன் எழுத்தில். தமிழுக்கும் அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே ஒரு அச்சுப் புத்தகம் உண்டு: 1554இல் லிஸ்பனில் வந்த 'கார்த்தில்யா'. ஆனால் அதில் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் இருக்கும். தமிழ் ஒலி இருந்தது, தமிழ் உருவம் இல்லை.

உருவம் கொடுக்க உட்கார்ந்தவர் ஜொவாம் கொன்சால்வஸ். இவரும் ஸ்பெயின்காரர். பாதிரியார் பட்டம் பெறாத சகோதரர், தொழில் கொல்லு வேலை. ஒரு கொல்லரை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று யோசித்தால்தான் இந்த வேலை என்ன வேலை என்று புரியும்.

நம்மில் பலரும் அச்செழுத்து என்றால் ஈயத்தில் நேராகச் செதுக்குவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. முதலில் ஒரு விரல் நீள எஃகுத் துண்டின் நுனியில், எழுத்தை இடவலம் மாற்றிப் புடைப்பாக வெட்ட வேண்டும். அரத்தால் தேய்க்க வேண்டும், சின்ன உளியால் உள் வெளியைத் தோண்ட வேண்டும். தமிழுக்கு இந்த உள்வெளிதான் சோதனை. 'ஐ', 'இ', 'ஞ' போன்ற எழுத்துகளின் வயிற்றுக்குள் எத்தனை சுழி, எத்தனை சந்து! வெட்டி முடித்த பிறகு எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க வேண்டும். அந்த முத்திரையை ஒரு செம்புத் தகட்டில் ஒரே அடியில் இறக்கினால் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை அச்சுப்பெட்டிக்குள் வைத்து உருக்கிய ஈயக் கலவையை ஊற்றினால் ஒரு எழுத்து வெளியே வரும். மறுபடி ஊற்றினால் இன்னொன்று. முத்திரை ஒன்று போதும், எழுத்து ஆயிரம் வரும். ஆனால் முத்திரையில் ஒரு பிசிறு இருந்தால் அந்த ஆயிரத்திலும் அந்தப் பிசிறு இருக்கும்.

நகை செய்கிறவர், பூட்டு செய்கிறவர், கடிகாரம் பழுது பார்க்கிறவர், இவர்கள் மாதிரி ஆட்களுக்குத்தான் இந்தக் கை வரும். ஐரோப்பாவிலேயே அப்படித்தான். குட்டன்பர்க் ஒரு பொற்கொல்லர். அதனால் கொன்சால்வஸை எடுத்ததில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், தன் தாய்மொழியாக இல்லாத, தான் படிக்கவே பழகாத ஒரு எழுத்தை அவர் இடவலம் மாற்றி எஃகில் வெட்டினார் என்பதுதான். 1577இல் கோவாவில் அந்த எழுத்துகள் தயாராகின.

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. அந்த எழுத்துகளை வைத்து நேராகப் புத்தகம் போட்டுவிடவில்லை. அடுத்த வருஷம் கொல்லத்தில் ஜொவாம் தெ ஃபாரியா என்ற பாதிரியார் புதிதாக ஒரு வரிசை எழுத்தை உருவாக்கினார். 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. பதினாறே பக்கம். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் பிரதி ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. (மலையில் நெட் வரும், போகும். ஒரு பக்கப் படம் முழுசாகத் திறப்பதற்குள் கேப்பைக் களி கிண்டி முடித்துவிடலாம். ஆனாலும் திறந்து பார்த்தேன்.)

அந்தப் பதினாறாம் பக்கத்தைப் பாருங்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கம் அது. இரண்டு வரிசை எழுத்தையும் மாதிரிக்கு அடித்துக் காட்டியிருக்கிறார்கள். இது கோவாவில் 1577இல் செய்தது, இது கொல்லத்தில் 1578இல் செய்தது என்று வருஷமும் ஊரும் போட்டு.

ஒரு ஜெப நூலின் கடைசியில் இதற்கு என்ன வேலை? படிக்கிறவனுக்கு இது தேவையே இல்லை. முத்துக்குளித்துறையில் இருக்கும் பரதவர் ஒருவர் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தால், எழுத்து எந்த ஊரில் வார்த்தது என்பதால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. என் பார்வையில் இது தொழில்காரன் தொழில்காரனுக்குச் சொன்ன பேச்சு. 'அவர் செய்தது அது, நான் செய்தது இது, ஒப்பிட்டுப் பாருங்கள்.' தமிழ் எழுத்துருவைப் பற்றிய முதல் விமர்சனம் அந்தப் பக்கம்தான் என்று சொல்லுவேன். அதில் ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. பழைய எழுத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் புதிய எழுத்தில் புத்தகத்தை அடித்ததே தீர்ப்பு.

கொன்சால்வஸின் எழுத்து ஏன் போதவில்லை? கைத்திறன் குறைவு என்று சொல்லிவிடலாம், சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை. எஃகில் முத்திரை வெட்டத் தெரிந்தவருக்கு அரம் பிடிக்கத் தெரியாதா என்ன? குறை வேறு இடத்தில் இருந்திருக்க வேண்டும். கோவாவில் தெருவில் நடந்தால் கொங்கணி கேட்கும், கல்லூரிக்குள் போர்ச்சுக்கீசும் லத்தீனும். தமிழ் எழுதுகிற கை அங்கே அரிது. கொல்லத்துக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. அங்கிருந்து தெற்கே இறங்கினால் முத்துக்குளித்துறை, அண்டிரிக்கு அடிகளார் பல வருஷம் தமிழில் வேலை செய்த கடற்கரை. எழுத்தை வெட்டுகிறவர் தலை நிமிர்ந்து பக்கத்திலிருக்கிற ஒருவரைப் பார்த்து, 'இந்தச் சுழி இவ்வளவு போதுமா?' என்று கேட்க முடியும். எழுத்து திருந்தியதற்குக் காரணம் அந்தத் தூரம் குறைந்ததுதான் என்று நினைக்கிறேன். இந்த எண்ணத்துக்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது, தரங்கம்பாடியில். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் புள்ளி விஷயம். அந்தக் கால அச்சுப் பக்கங்களைப் பார்க்கிற யாருக்கும் முதலில் கண்ணில் படுவது மெய்யெழுத்தின் மேல் புள்ளி இல்லாததுதான். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் கிடையாது. 'பாதிரிகளுக்குத் தமிழ் சரியாகத் தெரியவில்லை, அதான் புள்ளி வைக்காமல் விட்டுட்டாங்க' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓலையில் அப்படித்தான் எழுதினார்கள். கண்ட வழக்கத்தை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

ஓலையில் ஏன் புள்ளி வைக்கவில்லை என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில்: எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும். பள்ளிக்கூடத்தில் எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். இங்கே அறப்பளீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. போகிறவர்கள் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கல்லில் குத்தினால் எது கிழியப்போகிறது? ஆனாலும் சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ஆக ஓலை கிழியும் என்பது பாதிக் காரணம்தான். படிக்கத் தெரிந்தவனுக்குப் புள்ளி இல்லாமலே எது மெய், எது உயிர்மெய் என்று தெரியும். எழுதுகிறவன் படிக்கிறவனை நம்பினான். அந்த வழக்கம் கல்லுக்கும் ஓலைக்கும் பொது.

இந்த வழக்கம் முத்திரை வெட்டுகிறவனுக்கு எவ்வளவு பெரிய வரம் தெரியுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். புள்ளி இல்லை என்றால் 'க'வுக்கும் 'க்'குக்கும் ஒரே முத்திரை. 18 மெய்யெழுத்துக்கு 18 மிச்சம். ஏகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் தனி முத்திரை வேண்டாம், இரட்டைக் கொம்பு வேண்டாம், துணைக்கால் வேண்டாம். மொத்தம் 22 மிச்சம். தேர்ந்த கைக்கே ஒரு முத்திரைக்கு ஒரு நாள் ஆகும் என்பார்கள். அப்படியென்றால் மூன்று வாரத்துக்கு மேல் வேலை குறைகிறது. இலக்கண நூலார் குறை என்று பார்த்ததைக் கொல்லர் சிக்கனம் என்று பார்த்திருப்பார். உகர ஊகார வரிசைக்குத்தான் தப்பிக்க வழியே இல்லை. 'கு', 'சு', 'து', 'பு' எல்லாம் தனித்தனி உருவம், அதற்கு ஊகாரம் வேறு. 36 முத்திரை அதற்கு மட்டும். ஒருவேளை தமிழை அதிகமாகத் திட்டியிருந்தால் அந்த வரிசையை வெட்டும்போதுதான் திட்டியிருப்பார்கள்.

1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது, 120 பக்கம். 1586இல் அடியார் வரலாறு வந்தது. அதற்குப் பிறகு ஏறத்தாழத் தொண்ணூறு வருஷம் தமிழ் அச்சு தூங்கிவிட்டது. வெட்டிய முத்திரைகள் போயின, வெட்டத் தெரிந்த கையும் போனது. ஒரு தொழில் தலைமுறைக்குக் கைமாறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அந்தாம் தெ ப்ரோயென்சாவின் தமிழ்–போர்ச்சுக்கீசு அகராதி அச்சானபோது எழுத்தை மரத்தில் வெட்டியிருக்கிறார்கள். வெட்டியவர் இந்த மண்ணின் ஆள். இக்னேசியஸ் ஐச்சமோனி என்று பெயர் பதிவாகியிருக்கிறது, ஐரோப்பியக் காதில் விழுந்து நம்மிடம் திரும்பி வந்த பெயர். மழைக்காலத்தில் மர எழுத்து ஊறிப் பெருக்கும், அடிக்க அடிக்க விளிம்பு மழுங்கும். ஒரு முழு அகராதியை அந்த எழுத்தில் அடித்து முடித்தது சாதாரணக் காரியமில்லை. அந்த நூலின் பிரதியை 1954இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தவர் தனிநாயகம் அடிகள். அடிகளைக் கொண்டாடுகிறோம், ப்ரோயென்சாவைத் தெரியும். ஐச்சமோனியைத் தெரிந்தவர் எத்தனை பேர்?

இனித் தரங்கம்பாடி. சீகன்பால்கு அங்கே வந்தது 1706. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் கற்றவர், ஓலைச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். அவருக்கு லண்டனிலிருந்து ஒரு அச்சு இயந்திரத்தையும் அதை ஓட்ட யோனாஸ் ஃபிங்க் என்ற அச்சுக்காரரையும் அனுப்பினார்கள். கப்பலைப் பிரேசில் கரையருகே பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஃபிங்க் விடுபட்டு வரும் வழியில், நன்னம்பிக்கை முனையை எட்டும் சமயத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். 1712இல் இயந்திரம் வந்து சேர்ந்தது, ஆள் வரவில்லை. கடைசியில் டேனிஷ் கம்பெனியின் சிப்பாய்களில் அச்சு வேலை தெரிந்த ஷ்லோரிக்கே என்ற ஜெர்மானியர் ஒருவரைத் தேடிப்பிடித்து ஓட்டினார்கள். முதலில் போர்ச்சுக்கீசு மொழியில்.

தமிழ் எழுத்து ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்தது. இங்கிருந்து எழுத்துகளின் வடிவத்தை வரைந்து அனுப்பினார்கள். அங்கே வெட்டி வார்த்து அனுப்பினார்கள். 1713இல் அதோடு வந்தவர்தான் யோஹான் கோட்லீப் ஆட்லர். அச்சுக்காரர், எழுத்து வெட்டவும் வார்க்கவும் தெரிந்தவர். கூடவே வயதில் மிகச் சின்னவனான தம்பியும் வந்தான். அந்த வருஷமே முதல் தமிழ் நூல் அடித்தார்கள்.

ஹாலே எழுத்துகளைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் குறை: ரொம்பப் பெரிசு. உண்மைதான். அந்த அளவில் புதிய ஏற்பாடு முழுவதையும் அடித்தால் தாள் போதாது, தாளோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஆனால் அளவு மட்டும்தான் பிரச்சினையா? ஓலையில் எழுதுகிற விதத்தை நினைத்துப் பாருங்கள். எழுத்தாணியை ஓரளவு நிலையாகப் பிடித்து, இடது கையால் ஓலையை நகர்த்துவார்கள். கோடு முழுக்க ஒரே தடிமன். அது கீறல், மையும் இறகும் தருகிற கோடு அல்ல. அதே எழுத்தை இறகுப் பேனாவால் தாளில் வரைந்து கடல் தாண்டி அனுப்பியவுடனே அதில் தடிப்பும் மெலிவும் வந்துவிடுகிறது. ஹாலேயில் வெட்டியவர் கண்டது அந்த வரைபடத்தை மட்டும். ஓலையைக் கையில் வைத்துத் தமிழ் எழுதும் ஒருவரை அவர் பார்த்ததில்லை. எந்த வளைவு உயிர், எந்த வளைவு பேனாவின் வழுக்கல் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சந்தேகம் வந்தால் பெரிதாக வெட்டுவதுதான் பாதுகாப்பு. பெரிய எழுத்தில் தப்பு குறையும். பெரிதாக வெட்டியதே ஒரு தயக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆட்லர் செய்த வேலை இங்கேதான் முக்கியமாகிறது. புதிய ஏற்பாடு 1714, 1715 என்று இரண்டு கட்டமாக வெளிவந்தது. அந்த வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில் அவர் சிறிய அளவில் தமிழ் எழுத்தை இங்கேயே வெட்டி வார்த்தார். தரங்கம்பாடியை ஒட்டிய பொறையாற்றில் வார்ப்புக்கூடமும், தாள் செய்ய ஒரு ஆலையும் உருவாயின. அச்சு மையையும் இங்கேயே தயாரித்தார்கள். எல்லாம் இரண்டு மூன்று வருஷத்துக்குள். கோவாவில் வெட்டிய எழுத்து கொல்லத்தில் திருந்தியது, ஹாலேயில் வெட்டியது தரங்கம்பாடியில் திருந்தியது. இடையில் 136 வருஷம். ஆட்லருக்கு ஃபாரியா என்ற பெயரே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனாலும் அதே பாடத்தை அவரும் முதலிலிருந்து படித்தார்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஆட்லர் பெயர் வரும் ஒவ்வொரு கட்டுரையிலும் பாலாடைக்கட்டிக் கதை வந்துவிடும். இங்கிலாந்திலிருந்து அனுப்பிய செஷயர் பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈய உறையை உருக்கித்தான் எழுத்து வார்த்தார்களாம். நல்ல கதை. கேட்டவர் மறக்க மாட்டார். அதனால்தான் பிரச்சினை. ஈயம் எங்கிருந்து வந்தால் என்ன? வலையில் கட்டும் ஈயக்குண்டை உருக்கியும் வார்க்கலாம். கடினமான வேலை எஃகில் நடந்தது. விரல்கடை அகலம்கூட இல்லாத பரப்பில் 'ஞ'வின் உள்சுழி அடைந்துபோகாமல், மை தேங்கிக் கறுப்புப் பொட்டாக மாறாமல் வெட்டுவதுதான் வித்தை. எழுத்தைச் சின்னதாக்குவது என்பது வரைபடத்தைச் சுருக்குவது அல்ல. சின்ன அளவில் சுழியைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும், கோட்டை ஒல்லியாக்க வேண்டும், எதை விடலாம் எதை விடக்கூடாது என்று தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் ஒவ்வொன்றும் ஒரு வாசிப்பு. அதைப் பேசாமல் கட்டி தின்ற கதையைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு பேச்சும் உண்டு. 'எழுத்து நம்முடையது, அவங்க வெறும் இயந்திரத்தைத்தானே கொண்டு வந்தாங்க' என்பது. இதையும் நான் ஏற்கவில்லை. இரும்பில் வெட்டும்போது எடுத்த முடிவுகள் நம் எழுத்தை மாற்றியிருக்கின்றன. நாளிதழ் தலைப்பில் நாம் இன்று அழகு என்று பார்க்கிற தடிப்பும் மெலிவும் ஓலையிலிருந்து வந்தவை அல்ல. அதே சமயம், ஃபாரியாவும் ஆட்லரும் தனியாக உட்கார்ந்து திருத்தியிருக்க முடியாது. இந்த ஊரில் ஓலை எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அது நடக்காது. சீகன்பால்கு சுவடி படியெடுக்கக் கூலிக்கு ஆள் வைத்திருந்தவர். அந்தக் கைகள்தான் ஆட்லரின் மாதிரி. தொழில்காரரின் பெயராவது அடிக்குறிப்புக்கு வந்தது, இவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. மெரினாவில் வீரமாமுனிவருக்கும் போப்புக்கும் கால்டுவெல்லுக்கும் சிலை இருக்கிறது. இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. உளி பிடித்தவருக்கும் எழுத்தாணி பிடித்தவருக்கும் ஒரு வரியாவது வேண்டும் என்கிறேன்.

பொறையாற்றிலிருந்து நடந்து போகிற தூரத்தில் தில்லையாடி. இராமநாடகம் பாடிய அருணாசலக் கவிராயர் பிறந்த ஊர். பிறந்தது 1711, அதாவது அச்சு இயந்திரம் வருவதற்கு முந்தின வருஷம். ஆட்லர் எழுத்து வார்த்துக்கொண்டிருந்தபோது இவர் தவழ்ந்து நடக்கிற குழந்தை. இவருடைய மகன் என்று சொல்லப்படும் அம்பலவாணக் கவிராயர்தான் எங்கள் மலைச் சாமியின் பேரில் அறப்பளீசுர சதகம் பாடியவர். ஒவ்வொரு பாட்டும் சதுரகிரி என்று இந்த மலையைக் கூப்பிட்டு முடியும். பக்கத்து ஊரிலேயே அச்சுக்கூடம் இருந்த குடும்பம் என்று பார்த்தால், இந்தப் பாட்டுகள் அங்கே போய் அச்சாகியிருக்க வேண்டும் இல்லையா? ஆகவில்லை. அங்கே அடித்ததெல்லாம் மிஷனின் நூல். கவிராயர்களின் பாட்டு ஓலையிலேயே ஊர் ஊராகப் போனது. 1835இல் மெட்காஃப் அச்சுக் கட்டுப்பாட்டை நீக்கிய பிறகுதான் நம்மவர்கள் தாராளமாகச் சொந்த அச்சுக்கூடம் வைத்தார்கள், இப்படிப்பட்ட நூல்கள் வரிசையாக அச்சேறின. எழுத்து தயாராக இருந்தும் நூறு வருஷத்துக்கு மேல் அது நமக்குத் திறக்கவில்லை. தொழில்நுட்பம் வந்தாலே எல்லாம் மாறிவிடும் என்று பேசுகிறவர்கள் தில்லையாடிக்கும் பொறையாற்றுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்னத் தூரத்தை ஒரு தடவை நடந்து பார்க்கலாம்.

பின்னால் வந்தவர்களைப் பற்றி ஒன்று மட்டும். சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தை நடத்திய ஃபினியாஸ் ஹன்ட், 1862இல் வின்ஸ்லோ அகராதியை அடித்தார். அந்தப் பக்கங்களை எங்காவது பார்க்க வாய்த்தால் விடாதீர்கள். அவ்வளவு பொடி எழுத்தில் ஒரு சுழிகூட அடையவில்லை. ஆட்லர் தொடங்கியதன் முடிந்த வடிவம் என்று அதைச் சொல்லலாம். அங்கும் எழுத்தைச் சிறிதாக்கியதற்கு ஒரு காரணம் தாள் செலவுதான். தமிழ் எழுத்தின் உருவத்தை இலக்கணமும் அழகுணர்ச்சியும் மாற்றியதைவிடத் தாளின் விலையும் முத்திரையின் எண்ணிக்கையும்தான் அதிகம் மாற்றியிருக்கின்றன.

கடைசியாக அப்படி நடந்தது நம் காலத்திலேயே. பெரியார் 1935இல் குடியரசில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றுக்குச் சீரான வடிவத்தைப் போட ஆரம்பித்தார். அவரும் அச்சுக்கூடம் வைத்து நடத்தியவர், எழுத்துப் பெட்டியில் எத்தனை அறை வேண்டும் என்று அறிந்தவர். அரசு அதை ஏற்றது 1978இல், தம்பிரான் வணக்கம் வந்து சரியாக 400 வருஷம் கழித்து. அந்தப் பட்டியலில் 'லை' இருப்பதால் கொல்லிமலை என்ற பெயரே அன்றைக்கு உருவம் மாறியது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால், மேலே சில பழைய நன்கொடைக் கற்களில் இன்னும் துதிக்கை தூக்கிய அந்தப் பழைய 'லை' இருக்கிறது. இந்தப் பதிவில் அதை அடித்துக் காட்டலாம் என்று பார்த்தேன். என் கைப்பேசி விசைப்பலகையில் அதற்கு வழியில்லை.